மூலையில் இருக்கும் வைஃபை சின்னம் என்ன சொல்கிறது?

"நெட் வரலைங்கண்ணா" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சேலத்தில் என் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்ல போன்ல வருதுங்களா?" என்றுதான். "போன்ல நல்லா வருதுங்க" என்பார்கள். வரும்தான். போனில் டேட்டா எந்நேரமும் ஆனில் கிடக்கும். வீட்டு வைஃபை செத்துப் போயிருந்தாலும் வாட்ஸாப் ஓடிக்கொண்டிருக்கும். அம்மாபேட்டையிலிருந்து ஐந்து ரோடு வரை வெயிலில் சுமந்து வந்த லேப்டாப்பைத் திறந்தால் கடை வைஃபையில் ஒரே நொடியில் இணைந்துவிடும். கோளாறு வீட்டு ரவுட்டரில். பெட்ரோல் தண்டம்.

அதனால் செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்துவிடுங்கள். முதலில் போனில் டேட்டாவை அணைத்து, வைஃபையை மட்டும் போட்டு, லேப்டாப் வைத்திருக்கும் அதே இடத்தில் நின்று ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். ஓடவில்லையா, லேப்டாப்பை விட்டுவிட்டு ரவுட்டரையும் லைனையும் பாருங்கள். அடுத்து, போனின் டேட்டாவைத் திரும்பப் போட்டு, ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து லேப்டாப்பை அதில் இணையுங்கள். நெட் வந்தால் லேப்டாப்பின் வைஃபை கார்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். லேப்டாப்புக்கும் உங்கள் ரவுட்டருக்கும் நடுவில்தான் ஏதோ மனஸ்தாபம்.

அப்புறம் திரையின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். விசிறி மாதிரி வளைகோடுகள் இருக்கிறதா, உலக உருண்டை இருக்கிறதா, விமானம் இருக்கிறதா? எங்கே தேட வேண்டும் என்பதை அந்தச் சின்னமே சொல்லிவிடும். கீழே வருவதெல்லாம் விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்வது. 10 வைத்திருப்பவர்களுக்கு மெனு கொஞ்சம் இடம் மாறியிருக்கும், விஷயம் ஒன்றுதான்.

வைஃபை பட்டனே காணோம்

விமானச் சின்னம் தெரிந்தால் ஏரோப்ளேன் மோடில் இருக்கிறது. யாரோ விசைப்பலகையின் மேல்வரிசையில் தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். எந்தப் பொத்தான் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குட்டி விமானமோ ஆன்டெனாவோ வரைந்த பொத்தானைத் தேடி அழுத்துங்கள், சிலவற்றில் எஃப்.என். பொத்தானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பழைய லேப்டாப்களில் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகர்த்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. பையில் உரசி அது அணைந்திருந்ததை நானே அரை மணி நேரம் கழித்துத்தான் கவனித்திருக்கிறேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

விமானமும் இல்லை, வைஃபை என்ற சொல்லே மெனுவில் இல்லை என்றால் விண்டோஸுக்கு அந்தக் கார்டு கண்ணில் படவில்லை. முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் போகும், மறுநாள் அதே கோளாறோடு எழுந்துவரும். ரீஸ்டார்ட்தான் முழுக்க அணைத்து எழுப்பும். அதற்கும் வரவில்லையா? இப்போது ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். சிக்கிக்கொண்ட கார்டு இதில் பல முறை மீண்டுவந்திருக்கிறது.

அடுத்து ஸ்டார்ட் பொத்தானில் வலது க்ளிக் செய்து டிவைஸ் மேனேஜர், அதற்குள் நெட்வொர்க் அடாப்டர்ஸ். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், கோளாறு. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்று திண்டாடாதீர்கள். போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு சொருகி, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் வைஃபை இல்லாமலே நெட் வந்துவிடும். அதில் லேப்டாப் கம்பெனியின் தளத்துக்குப் போய் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை எடுங்கள். டிரைவர் தேடித் தருகிறோம் என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்களின் பக்கமே போக வேண்டாம்.

அந்தப் பட்டியலில் வைஃபை கார்டின் பெயரே இல்லை என்றால் கழன்றிருக்கலாம், போயிருக்கலாம். அது கடை வேலை.

ரவுட்டர் பக்கத்தில் மட்டும் எடுக்கிறது

ஒரு வாடிக்கையாளர், கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், லேப்டாப்பின் கீல் உடைந்து எங்கோ மாற்றியிருக்கிறார். அன்றிலிருந்து ரவுட்டர் மேஜையில் உட்கார்ந்தால் மட்டும் வைஃபை. நாலடி தள்ளிப் போனால் போச்சு. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டும் பார்த்திருக்கிறார். கீழ் மூடியைக் கழற்றினேன். வைஃபை கார்டு அரைத் தீப்பெட்டி அளவு இருக்கும். அதன் தலையில் கடுகளவு இரண்டு பித்தளைக் குமிழ்கள், அவற்றில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய வயர்கள் மாட்டியிருக்க வேண்டும். இரண்டுமே மாட்டப்படாமல் ஓரத்தில் டேப் ஒட்டிக் கிடந்தன. ஆன்டெனா இருப்பது திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள். வயர் கீல் வழியாகத்தான் கீழே வருகிறது. கீலைக் கழற்றினால் வயரையும் கழற்றியாக வேண்டும், திரும்ப மாட்ட மறந்தால் இந்தக் கதிதான். நகத்தால் மெதுவாக அழுத்தினால் டிக்கென்று உட்காரும். கீல், திரை, மூடி எதை மாற்றக் கொடுத்தாலும், திரும்ப வாங்கும்போது கடைவாசலுக்கு வெளியே நின்று ஒருமுறை வைஃபை பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பக்கத்து வீட்டுடையதெல்லாம் தெரிகிறது, நம்முடையது மட்டும் இல்லை

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு பட்டைகளில் வருகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். பழைய, விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றுக்கு 5 தெரியாது. லைன் போட வந்த தம்பி வேகமாக வரட்டும் என்று 5-ஐ மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தால் புதுப் போனில் வரும், பழைய லேப்டாப்பில் பெயரே வராது. ரவுட்டருக்குள் போய் 2.4-ஐயும் ஆன் செய்யுங்கள். அதற்குப் பிரவுசரில் அடிக்க வேண்டிய முகவரி பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் 192.168.1.1 அல்லது 192.168.0.1, கடவுச்சொல்லோடு அடியில் ஒட்டியிருக்கும்.

அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ கொண்டுவந்து கொடுத்த லேப்டாப் என்றால் இன்னொன்று. ஒரு பட்டைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகள்தான் சேனல்கள். 2.4 பட்டையில் நம் ஊரில் 13-ஆம் சேனல் வரை உண்டு. அங்கே பொதுவாக 11-உடன் சரி. ரவுட்டர் தானாகவே 12, 13 என்று போய் உட்கார்ந்துகொண்டால் அந்த லேப்டாப்களில் சிலவற்றுக்கு அது கண்ணுக்கே தெரியாது. ரவுட்டரில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக நிறுத்துங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை, ஆகவே மற்ற லேப்டாப்புகளுக்கும் நல்லதுதான்.

ரவுட்டரைப் புதிதாக வைஃபை 6 ரகமாக மாற்றிய அன்று பழைய லேப்டாப் குருடாகிவிட்டது என்றால், இன்டெல் கார்டாக இருந்தால் டிரைவரைப் புதுப்பியுங்கள். அவர்களுடைய பழைய டிரைவர்கள் சிலவற்றுக்கு வைஃபை 6 ரவுட்டரின் பெயரே தெரியாமல் இருந்தது.

பாஸ்வேர்ட் சரிதான், ஏற்க மாட்டேன் என்கிறது

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மூலையில் இருக்கும் மொழிச் சின்னத்தை. விசைப்பலகை தமிழில் நின்றிருந்தால் நீங்கள் அடிப்பது வேறு, உள்ளே போவது வேறு. திரையில் தெரிவதோ வெறும் கரும்புள்ளி. விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றி, பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண்ணை அழுத்தி, எழுத்தைப் பார்த்து அடியுங்கள். எட்டு எழுத்துக்குக் குறைந்தால் நெக்ஸ்ட் பொத்தானே உயிர் பெறாது.

ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு இந்தத் தகராறு வந்தால், லேப்டாப் பழையதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போய் உங்கள் பெயருக்கு நேரே ஃபர்கெட் கொடுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். அதற்கும் மசியாத பழைய லேப்டாப் என்றால் ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். டபிள்யூபிஏ2-உம் 3-உம் கலந்தது என்று மாற்றினால் போதும். பாஸ்வேர்டே வேண்டாம் என்று திறந்து விட்டுவிடாதீர்கள். வீதி முழுக்க உங்கள் காசில் சினிமா பார்க்கும்.

இணைந்திருக்கிறது, நெட் இல்லை

உலக உருண்டைச் சின்னம். அதிகம் பேரைப் படுத்துவது இதுதான், காரணமும் அதிகம். லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் கைகுலுக்கல் ஆகிவிட்டது. அதற்கப்புறம் எங்கோ அறுந்திருக்கிறது.

போனிலும் வரவில்லை என்றால் ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் லைன் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளியே வந்து சேரவில்லை. வயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது வீட்டுக்குள்ளேயே மடங்கியிருக்கிறது. பீரோவைச் சுவரோடு தள்ளியபோது அந்த மஞ்சள் வயர் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு லைன்காரருக்குப் போன் போடுங்கள்.

போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லையென்றால் செட்டிங்ஸின் வைஃபை பக்கத்தில் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ஐபிவி4 முகவரியைப் படியுங்கள், ரவுட்டர் லேப்டாப்புக்குக் கொடுக்கும் எண் அது. 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் சரி. 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, காத்திருந்து பார்த்து விண்டோஸ் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. ரவுட்டரை அணைத்துப் போட்டு, லேப்டாப்பில் வைஃபையை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். கல்யாண மண்டப ஆபீஸ்களில் இது முகூர்த்தத்துக்கு மறுநாள் வரும். சில ரவுட்டர்களில் கொடுப்பதற்கு 100 முகவரிதான் ஒதுக்கியிருப்பார்கள், ஒருமுறை கொடுத்ததை ஒரு நாள் வரை திரும்ப எடுக்காது. விருந்தாளிகள் மொய் எழுதிவிட்டுப் போன பின்னும் அவர்கள் போன்களின் பெயரில் முகவரி கிடக்கும். ரவுட்டருக்குள் அந்த நேரத்தை ஒரு மணி என்று குறைத்துவிட்டால் தொல்லை விட்டது.

முகவரி 192.168 என்றுதான் இருக்கிறது, ஆனால் மூன்றாவது எண் வீட்டிலுள்ள போனோடு ஒத்துப்போகவில்லையா? ஐபி அசைன்மென்ட் என்ற இடத்தில் மேனுவல் என்று இருக்கும். ஹாஸ்டலில் யாராவது போட்டுக் கொடுத்திருப்பார்கள். லீவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளின் லேப்டாப்களில் தவறாமல் பார்ப்பது இது. எடிட் அழுத்தி ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள். அவர்களிடமே இன்னொன்றும் இருக்கும், ப்ராக்ஸி, அதாவது நெட்டுக்குப் போகும் வழியில் நடுவில் நிற்கும் இடைத்தரகர் கம்ப்யூட்டர். அதன் அடையாளம், பிரவுசரில் ஒன்றும் திறக்காது, ஆனால் ஏதாவது ஒரு கேம் மட்டும் ஜோராக ஓடும். நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்டில் ப்ராக்ஸி என்ற பக்கத்தில் மேனுவல் செட்டப்பை அணையுங்கள். நெட்டை வேறொரு கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் என்று காலேஜ் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஸ்டார்ட்டில் cmd என்று தேடித் திறந்து ping 1.1.1.1 என்று அடியுங்கள். அதற்குப் பதில் வந்து, பெயர் அடித்துப் போகும் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் படுத்துவிட்டது. வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் டிஎன்எஸ் அசைன்மென்ட்டை எடிட் செய்து, மேனுவல், ஐபிவி4 ஆன், 1.1.1.1, இரண்டாவதாக 8.8.8.8, சேவ்.

ஏற்காடு போய் லாட்ஜில் தங்கும்போது இதே கை வைத்தியம் காலை வாரும். அங்கெல்லாம் இணைந்தவுடன் அறை எண்ணோ போன் எண்ணோ கேட்கும் பக்கம் ஒன்று வர வேண்டும். டிஎன்எஸ்ஸை நீங்களே போட்டு வைத்திருந்தாலோ விபிஎன் ஓடினாலோ அது வராது. ஏரியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டிஎன்எஸ்ஸை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி, விபிஎன்னை அணைத்து, துண்டித்து மறுபடி இணைத்தால் பக்கம் வந்துவிடும்.

தளம் திறக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் பீரோவில் வைத்து எடுத்த லேப்டாப்பில் தேதி சில வருஷம் பின்னால் நிற்கும். தேதி தப்பானால் தளங்களின் சான்றிதழ் எதுவும் செல்லாது. தேதியைச் சரிசெய்யுங்கள், அணைத்துப் போட்டால் திரும்பவும் பின்னால் போகிறது என்றால் உள்ளே இருக்கும் நாணயப் பேட்டரி தீர்ந்துவிட்டது.

விட்டு விட்டு வருகிறது

பத்து நிமிஷம் சும்மா வைத்துவிட்டு வந்தால் துண்டித்திருக்கிறது என்றால் மின்சாரம் சேமிக்கிறேன் என்று விண்டோஸ் கார்டை அணைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டை இரண்டு முறை க்ளிக் செய்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். புது லேப்டாப்கள் சிலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது. அப்டேட் ஆன மறுநாளிலிருந்து இப்படி என்றால் அதே இடத்தில் டிரைவர் பக்கத்துக்குப் போய் ரோல்பேக் கொடுத்துப் பழைய டிரைவருக்கே திரும்புங்கள்.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே அறுந்தால் பக்கத்தில் என்ன சொருகியிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3 ஹார்ட்டிஸ்க், ஹப் இவை ஓடும்போது 2.4 பட்டையில் இரைச்சல் போடும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டைதான். ஒரு அக்கா மாலை நாலு மணிக்கு மட்டும் ஆன்லைன் வகுப்பு அறுகிறது என்றார்கள். நாலு மணி, பிள்ளைக்குப் பால் சுட வைக்கும் நேரம். லேப்டாப்பை 5-க்கு மாற்றிவிட்டேன், பாலும் சூடாகிறது, வகுப்பும் நடக்கிறது.

ரவுட்டரே அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால் அதன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வோல்ட்டேஜ் அதே, பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் குறையக் கூடாது.

மலை வீட்டில் உள்ளறைக்குப் போனால் நத்தை

கீழே சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீடுகளில் செங்கல் சுவர் நாலரை அங்குலமோ ஒன்பது அங்குலமோ. ஏற்காட்டின் பழைய எஸ்டேட் வீடுகளில் கருங்கல் சுவர் ஒன்றரை அடி. 5 கிகாஹெர்ட்ஸ் அதில் இரண்டாவது சுவரைத் தாண்டுவதே பெரிது. மேலே இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் பனிமூட்டத்தைக் குறை சொல்வார்கள். வீட்டுக்குள் ஓடும் வைஃபைக்கும் பனிக்கும் சம்பந்தமில்லை. ஈரமான இலைக்குச் சம்பந்தம் உண்டு. பங்களாவிலிருந்து காப்பி உலர்களத்து ஆபீசுக்கு, சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் நடுவில் நிற்க, வைஃபை பிடிக்கப் பார்த்தால் மழை பெய்த அன்று சுத்தமாக நின்றுபோகும்.

வேகம் எங்கே போகிறது என்று பார்க்க, வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் லிங்க் ஸ்பீடைப் படியுங்கள், எம்பிபிஎஸ் கணக்கில் இருக்கும். 72 அல்லது 144 என்று இருந்தால் 2.4-இல் இருக்கிறீர்கள். 433, 866 என்றால் 5. கையில் கிடைப்பது இதில் பாதி இருந்தாலே திருப்திப்படலாம். உள்ளறையில் 72-க்கும் கீழே போய்க்கொண்டிருந்தால் எந்தச் செட்டிங்கும் உதவாது. ரவுட்டரைத் தரையிலிருந்தும் இரும்புப் பீரோவின் பின்னாலிருந்தும் எடுத்து நடுக்கூடத்தில் ஆள் உயரத்தில் வையுங்கள். போதவில்லை என்றால் வைஃபையை வாங்கித் திரும்ப வீசும் ரிப்பீட்டர் பெட்டியை வாங்காதீர்கள்; வாங்கியதையே அதே காற்றில் திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகும். லேன் கேபிள் ஒன்றை ஜன்னல் வழியாக இழுத்து, அடுத்த முனையில் பழைய ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட்டாக, அதாவது கேபிளில் வரும் நெட்டை அங்கே வைஃபையாக வீசும் பெட்டியாக, போடுங்கள். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை போகும்.

சித்திரை, வைகாசியில் மலையில் இடி இடித்தால் அந்தச் செம்புக் கேபிளை இரண்டு முனையிலும் பிடுங்கிவிடுங்கள். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. ரவுட்டரைக் கொல்வது அடாப்டர் வழியாகவும் செம்புக் கேபிள் வழியாகவும் வருவதுதான்.

எதற்கும் மசியவில்லை

நெட்வொர்க் ரீசெட் என்று ஒன்று உண்டு: நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், நெட்வொர்க் ரீசெட். யூட்யூபில் முதல் வேலையாக இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், விபிஎன், கையால் போட்ட எல்லாம் அழிந்துவிடும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஆபீஸில் கேட்காமல் தொடவே வேண்டாம். செய்தே ஆக வேண்டும் என்றால், முன்னால் சொன்ன மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸில் ஒவ்வொரு பெயரையும் திறந்து பாஸ்வேர்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்திய ஐந்து நிமிஷத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும், திறந்திருக்கும் கோப்புகளைச் சேவ் செய்துவிடுங்கள்.

அதற்குப் பிறகும் ஹாட்ஸ்பாட்டில்கூட இணையவில்லை என்றால் கார்டு போய்விட்டது. கார்டை மாற்றலாம், அவசரத்துக்கு யூஎஸ்பியில் சொருகும் சிறிய வைஃபை அடாப்டர் போதும். வாங்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். அதை யூஎஸ்பி 3 ஹார்ட்டிஸ்க் சொருகும் பக்கத்தில் சொருகாமல் எதிர்ப்பக்கத்தில் சொருகுங்கள்.